பத்து நாள் மௌனமா, பக்கத்துத் தெரு மன்றமா, முதலில் தூக்கமா?

போன மாதம் ஒரு நாள் மதியம், எங்கள் பர்ச்சேஸ் பிரிவு அக்கா டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே உட்கார்ந்திருந்தார். "தம்பி, நீங்க போயிட்டு வந்தீங்களே, பத்து நாள் பேசாம இருக்கிற இடம். அங்க போனா இதெல்லாம் சரியாயிடுமா?" என்றார். அந்த 'இதெல்லாம்' என்பதற்குள் படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார், பத்தாம் வகுப்புப் பையன், ஷிப்ட் வேலைக்குப் போகும் கணவர், மாதக் கடைசியில் வரும் ஸ்டாக் கணக்கு எல்லாம் அடக்கம். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆமாம் என்றாலும் பொய், இல்லை என்றாலும் பொய். அன்று சாயங்காலம் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வேலை அக்கவுண்ட்ஸ். அம்பத்தூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற சின்ன கம்பெனி. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி இன்னொரு ஜிஎஸ்டி கணக்கான 3பி. இந்த நான்கு ஆணிகளில்தான் என் மாதம் தொங்குகிறது. ஒரு கட்டத்தில் இரவு பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கி, காலையில் தாடை வலியோடு எழ ஆரம்பித்தேன். அப்போது தொடங்கியது இந்தத் தேடல். ஆறு வருஷத்தில் பத்து நாள் மௌனத் தியானமான விபாசனா, உடற்பயிற்சியும் தியானமும் சேர்ந்த மனவளக்கலை, காலை நடை, மொபைல் ஆப், மூச்சுப் பயிற்சி, காப்பியைக் குறைப்பது என்று ஒரு சுற்று வந்துவிட்டேன். இவற்றில் எதுவும் வீண் இல்லை. ஆனால் வரிசையைத் தலைகீழாகப் பிடித்துவிட்டேன்.

ஆரம்பித்ததே பெரிய வைத்தியத்தில்தான். எனக்கு வீடு குரோம்பேட்டை. திருநீர்மலையைத் தாண்டிப் போனால் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற விபாசனா மையம் இருக்கிறது. பர்மாவில் பிறந்து, அங்கேயே சயாஜி ஊ பா கினிடம் கற்றுக்கொண்டு, 1969இல் இந்தியாவுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த கோயங்காவின் முறை அது. உலகம் முழுக்க ஒரே பாடத்திட்டம். விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிக்கும். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைப்பு. நடுவில் சுமார் பத்து மணி நேரம் கண்ணை மூடி உட்கார வேண்டும். மதியச் சாப்பாடு பதினோரு மணிக்கு. சாயங்காலம் ஐந்துக்குப் புதியவர்களுக்கு டீயும் கொஞ்சம் பழமோ பொரியோ கிடைக்கும், அவ்வளவுதான். போனை வாங்கி வைத்துவிடுவார்கள். பேச்சு, ஜாடை, எழுத்து, படிப்பு எதுவும் கிடையாது. காசும் கிடையாது. முழுப் பயிற்சியை முடித்த பிறகு, விருப்பமிருந்தால் அடுத்தவர் படிப்பதற்காக ஏதாவது கொடுத்துவிட்டு வரலாம்.

முதல் மூன்று நாளும் மூச்சு நாசிக்குள் போவதையும் வருவதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 'இதில் என்ன இருக்கிறது' என்றுதான் எனக்கும் தோன்றியது. முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது, என்னால் பத்து மூச்சைக்கூட ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை என்று. நாலாவது மூச்சில் 2பி ஸ்டேட்மென்டில் (ஜிஎஸ்டியில் நாங்கள் வாங்கிய பில்களின் பட்டியல்) டேலி ஆகாத ஒரு பில் ஞாபகத்துக்கு வந்துவிடும். நாலாம் நாளிலிருந்து உச்சந்தலை தொடங்கிக் கால் விரல் வரை உடம்பில் ஓடும் உணர்ச்சிகளைக் கவனிக்கச் சொல்வார்கள். அப்புறம் நாளைக்கு மூன்று தடவை, ஒரு மணி நேரம் கையையும் காலையும் அசைக்காமல் உட்கார வேண்டும். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, இடது முழங்காலில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவது போல வலி. அசையக் கூடாது. வேறு வழியில்லாமல் அந்த வலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க அது ஒரே வலியாக இல்லை. குத்து ஓரிடத்தில், சூடு இன்னோர் இடத்தில், நடுவில் ஒரு துடிப்பு. அதற்கு மேல் 'ஐயோ, கால் போய்விடுமோ' என்ற பயம் தனியாக ஒன்று. பயம் விலகியபோது வலி பாதியாகிவிட்டது. உள்ளே நடப்பதைப் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்த இடம் அதுதான். அந்த ஒரு மணி நேரத்துக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, அப்புறம்? பதினோராம் நாள் காலை வெளியே வந்தபோது பல்லாவரம் சிக்னலில் ஹாரன் சத்தம் அறைவது போல இருந்தது. வீட்டில் எல்லோரும் 'முகமே தெளிஞ்சிருக்கு' என்றார்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தொடரச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். மூன்று வாரம் தொடர்ந்தேன். மார்ச் மாதம் வந்தது. வருஷக் கணக்கு முடிப்பு. மாலை ஒரு மணி நேரம் முதலில் போனது, அப்புறம் காலையும் போனது. ஏப்ரலில் தாடை வலி திரும்பிவிட்டது. பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறவன், தினமும் இரண்டு மணி நேரம் கேட்கிற ஒன்றை வாங்கி வந்தது என் தப்பு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். வேலை நெருக்குவதால் வரும் டென்ஷனும் மன அழுத்தம்தான். டாக்டர்கள் மனச்சோர்வு என்று சொல்கிற நோயும் பத்திரிகைகளில் மன அழுத்தம்தான். இரண்டும் ஒன்றில்லை. எதிலும் பிடிப்பில்லை, பிடித்த சாப்பாடுகூட இறங்கவில்லை, தூக்கம் விடிவதற்கு முன்பே கலைந்துவிடுகிறது, இருந்து என்ன என்ற நினைப்பு வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் தியான வகுப்பைத் தேடாதீர்கள். டாக்டரைப் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். விபாசனா விண்ணப்பத்திலேயே மனநோய் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். பலர் அதை மறைத்துவிட்டுப் போகிறார்கள். பத்து நாள் தன்னோடு மட்டும் அடைபட்டிருப்பது எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் நல்லது செய்யாது. உண்மையை எழுதிவிடுங்கள்.

இரண்டாவதாகப் போனது மனவளக்கலை மன்றம். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். தமிழ்நாட்டில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம், ஏனென்றால் கொஞ்சம் பெரிய ஊர் எதற்குப் போனாலும் ஒரு தவமையமோ மன்றமோ கண்ணில் படும். இந்த முறையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பம், தொழில் எல்லாவற்றையும் பார்த்தவர். பொள்ளாச்சி பக்கம் ஆழியாறில் இதன் தலைமையிடமான அறிவுத்திருக்கோயில் எழுந்தது பிற்பாடு. அவருடைய முறையில் அந்தக் குடும்பஸ்தன் வாசனை நன்றாகவே தெரியும். எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால், மூச்சு, கண் என்று போய், படுத்துச் செய்யும் மகராசனம், உடலைத் தேய்த்துவிடுவது, கடைசியில் அசையாமல் படுத்து ஓய்வு. வேட்டி கட்டிய எழுபது வயதுக்காரரும் செய்கிறார், சுடிதார் போட்ட கல்லூரிப் பெண்ணும் செய்கிறாள். தவம், அதாவது தியானம், கால் மணி, இருபது நிமிடம். புருவ மத்தியில் கவனம் வைப்பது ஆக்கினை தவம். தலை கனத்துப்போனால் கவனத்தைக் கீழே இறக்க சாந்தி தவம். ஏறவும் வழி இருக்கிறது, இறங்கவும் வழி இருக்கிறது.

வான்காந்தம், ஜீவகாந்தம் என்று அவர்கள் தரும் விளக்கங்களில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஒட்டாததை விட்டுவிட்டுப் பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டேன். வகுப்பில் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த முறையில் தற்சோதனை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதிலும் 'கவலை ஒழித்தல்' என்ற பாடம் எனக்கு எந்தத் தியானத்தைவிடவும் உதவியது. கவலைகளைத் தாளில் எழுதி நான்கு கட்டத்தில் பிரிக்க வேண்டும்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை.

நான் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். அந்தத் தாள் இன்னும் பர்ஸில் இருக்கிறது. அம்மாவின் கண்புரை ஆபரேஷன், ஒரு சப்ளையர் மூன்று மாதமாகத் திருத்தாத பில், மனைவியின் அண்ணன் கல்யாண வீட்டில் 'என்ன மாப்பிள்ளை, இன்னும் வாடகை வீடுதானா' என்று கேட்டது, மகளின் பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன என்பது, என் சர்க்கரை. ஐந்தே ஐந்து. எழுதும் வரை ஐம்பது போல இருந்தன. கண்புரையும் பில்லும் உடனே. அன்றைக்கே இரண்டு போன், முடிந்தது. மகள் எட்டாவதுதான் படிக்கிறாள், அது தள்ளிப்போட வேண்டியது. சர்க்கரை அனுபவித்தே தீர வேண்டியது, மாத்திரையும் நடையுமாக. மச்சான் கேட்டதை அலட்சியக் கட்டத்தில் போட்டேன். போட்டதும் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஆறு மாதம் ஆனது. ஆனால் அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தபின், இரவில் வந்தால் 'உன் இடம் அங்கே' என்று சொல்ல முடிந்தது.

மன்றத்தின் இன்னொரு பலம் ஆட்கள். நாலு நாள் போகாவிட்டால் 'என்ன சார், காணோமே' என்று கேட்க ஒருவர் இருப்பார். தனியாக உட்கார்கிற எந்தப் பயிற்சிக்கும் இது கிடையாது. அதே மன்றத்தில்தான் என் வண்டவாளமும் தண்டவாளம் ஏறியது. ஒரு நாள் மாலைத் தவத்தில் நான் குறட்டை விட்டுவிட்டேன். முடிந்ததும் அருகிலிருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்குத் தவம் பத்தலைங்க தம்பி, தூக்கம் பத்தலை" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. உள்ளே பார்க்கிறேன் என்று கண்ணை மூடுகிற ஒவ்வொரு தடவையும் நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த இரண்டு வாரம் வேறு எதுவும் செய்யவில்லை. தாடை இறுகுவது, தோள் ஏறுவது, மகள் மேல் எரிந்து விழுவது என்று எது நடந்தாலும், நேரத்தை மட்டும் அந்தக் காலண்டர் தாளில் குறித்தேன். பதினெட்டு குறிப்பு சேர்ந்தது. பதினொன்று இரவு ஒன்பது மணிக்கு மேல்! ஆபீஸில் நடந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்த சண்டை, வீட்டில், படுக்கையில், கையில் போனோடு நடந்துகொண்டிருந்தது. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பத்து மணிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். 'நாளைக்கு வந்ததும் அந்த ஃபைல்' என்று ஒரே வரிதான். அந்த ஒரு வரிக்கு நான் ஒரு மணி வரை விழித்திருப்பேன்.

ஆகவே மூன்றாவது வழி, பெயரில்லாத வழி. இதற்கு குரு கிடையாது, சான்றிதழ் கிடையாது, போய்வந்த கதை சொல்ல முடியாது. போன் சார்ஜர் படுக்கையறையிலிருந்து கூடத்துக்குப் போனது. 'அலாரம் வேண்டுமே' என்ற சாக்குக்காக ஒரு டைம்பீஸ் வாங்கினேன். ஒன்பதரைக்கு மேல் குரூப் பார்க்க மாட்டேன் என்று மேலதிகாரிகளிடம் சொல்லிவிட்டேன். பயந்துகொண்டேதான் சொன்னேன். 'சரி, அவசரம்னா கால் பண்றேன்' என்றார்கள். இந்த இரண்டு வருஷத்தில் மூன்று கால் வந்திருக்கிறது.

அடுத்தது காப்பி. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆபீஸ் வாசலில் குடிக்கிற டிகிரி காப்பி என் தனிப்பட்ட சந்தோஷம். குடித்த காஃபினில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே. அதாவது பத்தரைக்கு நான் படுக்கும்போது அரை டம்ளர் காப்பி இன்னும் எனக்குள் முழித்துக்கொண்டிருக்கிறது. அதை மூன்று மணிக்கு மாற்றினேன். விடவில்லை, மாற்றினேன். விடு என்று யாராவது சொல்லியிருந்தால் நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேன்.

பத்து நாளில் ஏழு மணி நேரத் தூக்கம் வர ஆரம்பித்தது. தாடை வலி மூன்றாவது வாரம் நின்றது. இதில் எனக்குக் கொஞ்சம் அவமானமும் உண்டு. ஊரெல்லாம் சுற்றித் தேடியதற்குக் கூடத்து ப்ளக் பாயின்ட்டில் பதில் இருந்திருக்கிறது. ஆனால் தாடை இறுகுவதை அந்த நிமிடமே கவனித்து நேரம் குறிக்கிற கண் எனக்கு எங்கிருந்து வந்தது? திருமுடிவாக்கத்தில் முழங்கால் வலியைப் பார்த்ததிலிருந்துதான். அதனால்தான் எது பெரிது, எது சின்னது என்று இவற்றைத் தராசில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

மூச்சுப் பயிற்சியை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி லேசாக வேகம் எடுக்கும், விடும்போது தணியும். அதனால் விடுகிற மூச்சு நீளமாக இருந்தால் உடம்பு அடங்குகிறது. திருமூலர் கணக்கிலும் பதினாறு மாத்திரை (இங்கே மாத்திரை என்பது கால அளவு) இழுப்பதற்கு முப்பத்திரண்டு மாத்திரை விடுவது, சரியாக இரண்டு மடங்கு. (நடுவில் அறுபத்து நாலு மாத்திரை மூச்சை நிறுத்தச் சொல்வதை ஆசிரியர் இல்லாமல் முயல வேண்டாம்.) நான் மூன்று எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுகிறேன், நடுவில் நிறுத்துவதில்லை. சைதாப்பேட்டையில் ரயில் கிளம்பினால் மாம்பலம் வரை. மூன்று நான்கு நிமிடம். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. 20ஆம் தேதி மத்தியானத்தில் கை நடுங்கும்போது ஒரு மணி நேரத் தியானம் ஆகிற காரியமில்லை, இது ஆகும்.

நடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் யாருக்கும் சண்டை இல்லை. எங்கள் பார்க் கோஷ்டியில் அரை மணி நடையும் ஒரு மணி அரசியலும், முடிந்ததும் மெதுவடையுமாக இருந்ததால் நான் தனியாக நடக்க ஆரம்பித்தேன். தியான ஆப் ஒன்றும் வருஷச் சந்தா கட்டிப் பார்த்தேன். போனைத் தள்ளி வைக்கத்தான் இத்தனை பாடு, அதற்கும் போனையே எடுக்க வேண்டுமென்றால் எப்படி? ஏப்ரலில் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் நான் முதலில் கேட்பது, டென்ஷன் எத்தனை மணிக்கு வருகிறது என்பதைத்தான். இரவில் வருகிறவருக்குத் தூக்கமும் போனும். குறிப்பிட்ட தேதியில் வருகிறவருக்கு மூச்சும், அந்த வாரத்துக்கு முன்பே வேலையைப் பிரித்து வைப்பதும். நாள் முழுக்கப் புகை போல மண்டிக்கிடக்கிறவருக்கு மன்றம், அந்த நான்கு கட்டத் தாளோடு. தூக்கம் ஓரளவு கைக்கு வந்து, கடமைகள் பத்து நாள் பொறுக்கும் என்றால், திருமுடிவாக்கம் தாராளமாகப் போகலாம். போவதற்கு முன்பே, திரும்பி வந்து எந்த மணியில் உட்காரப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள். மார்ச்சில் மட்டும் போகாதீர்கள், என்னைப் போல அக்கவுண்ட்ஸ் ஆளாக இருந்தால்.

மறுநாள் அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. நாலு காலண்டர் தாளைக் கொடுத்து, "ஒரு வாரம் நேரத்தை மட்டும் குறிங்கக்கா" என்றேன். எட்டாம் நாள் கொண்டுவந்தார். இருபத்திரண்டு குறிப்பு. பாதிக்கு மேல் காலை நாலே முக்காலிலிருந்து ஆறரைக்குள். பால், மாமியாருக்கு உடம்பு துடைத்து உடை மாற்றுவது, மோட்டார், மூன்று பேருக்கு டிபன், பையனை எழுப்புவது. எல்லாம் ஒரே ஆள், ஒரே நேரம். எந்தத் தியானத்தை அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் நுழைப்பது? நான் ஒன்றும் சொல்லாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேற்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே சொன்னார். "பாலும் மோட்டாரும் இனிமே அவரு. அந்தத் தாளை முன்னாடி வெச்சேன் தம்பி, ஒரு வார்த்தை பேசலை மனுஷன்." அப்புறம், "அந்தப் பத்து நாள் இடம், மே மாசம் பையன் லீவுல நாத்தனார் வந்து இருப்பாங்க. அப்ப எடம் கிடைக்குமா?" என்று கேட்டார். சீக்கிரமே பதிவு செய்யச் சொல்லியிருக்கிறேன்.